அளந்து வைக்கும் அடி

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று நாம் எல்லோரும் சிறு பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். கணக்கு வராத பையனுக்கும், சங்கீதம் படியாத பெண்ணுக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்த பாட்டிக்கும் நாம் வழங்கும் மருந்து இது ஒன்றுதான். இன்று பத்து அடி, நாளை இருபது அடி, நாளை மறுநாள் முப்பது அடி. சோம்பாமல் முயன்றால் மாதக் கடைசியில் கோயில் பிராகாரத்தை மூன்று முறை சுற்றி வந்துவிடலாம்! எத்தனையோ நோய்களைப் பொறுத்த வரையில் இது தங்கமான உபதேசம், சந்தேகமில்லை.

ஆனால், இந்த உபதேசம் செல்லுபடியாகாத நோய் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அந்த நோய் கண்டவர்கள் இன்று பத்து அடியும் நாளை இருபது அடியும் நடந்தால், மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போகிறது. அப்படியானால் அவர்கள் நடக்கவே கூடாதா? பலர் நடக்கலாம், சிலர் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளவும் கூட்டலாம். ஆனால் கூட்டும் முறை வேறு. அந்த முறையைப் பற்றியும், அதை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வைத்திய உலகம் சுற்றிய சுற்றைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பெயர் வந்த விதம்

1955-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டன் நகரிலுள்ள ராயல் பிரீ ஆஸ்பத்திரியில் ஒரு விசித்திரம் நடந்தது. நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய டாக்டர்களும் நர்ஸுகளும் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். தலைவலி, தொண்டை வலி, தசைகளில் நோவு, தலைச்சுற்றல், சொல்லி முடியாத அசதி! ஏறக்குறைய 300 பேருக்கு இவ்விதம் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள். சிகிச்சைக்காக அங்கே படுத்திருந்தவர்களில் மிகச் சிலருக்கே இது வந்தது. அக்டோபர் மாதம் வரையில் ஆஸ்பத்திரியை மூடி வைக்க நேர்ந்தது. பலர் நாளடைவில் தேறினார்கள். சிலர் வருஷக் கணக்காகியும் தேறவில்லை.

மறு வருஷம் 'லான்ஸெட்' என்னும் பிரசித்தமான வைத்தியப் பத்திரிகை, 'மயால்ஜிக் என்ஸெபலோமயலைட்டிஸ்' என்ற பெயரை இந்த நோய்க்குச் சூட்டியது. இந்தப் பெயரை ஒரு முறை உச்சரிப்பதற்கே நல்ல தெம்பு வேண்டும்; பாவம், நோயாளிக்கு அது ஏது? 1970-ஆம் வருஷம் இரண்டு மனோதத்துவ வைத்தியர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு கூட்டத்தைப் பிடித்த மனப்பிராந்தியே" என்று எழுதினார்கள். அவர்கள் அந்த நோயாளிகளை நேரில் கண்டு பரிசோதிக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் போட்ட முத்திரை வெகு காலம் அழியாமல் நின்றது.

1988-இல் அமெரிக்க நிபுணர்கள் 'நாட்பட்ட களைப்பு நோய்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். வாய்க்கு எளிதான பெயர்தான். ஆனால் அதனால் வேறொரு சங்கடம் முளைத்தது. களைப்பு என்பது யாருக்கு இல்லை? "எனக்குங்கூடச் சாயங்காலமானால் களைப்பாகத்தான் இருக்கிறது; நான் என்ன படுத்துக்கொண்டா இருக்கிறேன்?" என்று ஆபீஸிலிருந்து வரும் தகப்பனாரும், அடுப்படியிலிருந்து வரும் தாயாரும் சொல்லிவிடலாம் அல்லவா? ஒரு நோயை எல்லோருக்கும் தெரிந்த சொல்லால் அழைப்பதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது. தெரிந்த சொல்லாயிருப்பதால் நோயும் தெரிந்ததுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

2015-ஆம் வருஷம் அமெரிக்காவின் வைத்தியக் கழகம் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. அந்தத் தேசத்தில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயினால் அவதிப்படுகிறார்கள் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்கள் நோய் இன்னதென்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை என்றும் அது கூறியது. பலருக்கு ஒரு விஷக் காய்ச்சலைத் தொடர்ந்தே இது ஆரம்பமாகிறது. 2020-க்குப் பிறகு கொரோனாக் காய்ச்சல் வந்து போனவர்களிலும் பலர் இதே நிலையை அடைந்திருக்கிறார்கள். ஆகவே இது எங்கேயோ சீமையில் உள்ளவர்களின் கவலை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

எது நோய், எது அசதி?

சாதாரண அசதிக்கும் இந்த நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை மேற்படி அறிக்கை தெளிவாக வகுத்துக் கொடுத்திருக்கிறது. முன்னால் செய்துவந்த காரியங்களைச் செய்ய முடியாத நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். இரவு முழுதும் தூங்கினாலும் காலையில் தூங்கி எழுந்த சுகம் இராது. இவற்றுடன், யோசனையும் ஞாபகமும் மந்தப்படுதல், நிமிர்ந்து நின்றால் தலை சுற்றி நெஞ்சு படபடத்தல் ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. உழைத்தபின் வரும் சரிவுதான் அது.

இந்தச் சரிவின் சூழ்ச்சி மிகவும் நுட்பமானது. பெரும்பாலும் நடந்த உடனேயே அது வருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்தோ, இரண்டு நாள் கழித்தோ வருகிறது. வந்தால் ஒரு நாளிலும் போகலாம். பல வாரங்கள் தங்கவும் தங்கலாம். நடந்தது திங்கட்கிழமை, படுத்தது புதன்கிழமை. நடுவில் செவ்வாய்க்கிழமை அத்தை வந்து, "பார்த்தாயா? நேற்று நடந்தாய், இன்று முகத்தில் தெளிவு வந்திருக்கிறது!" என்று மகிழ்ந்துவிட்டுப் போயிருப்பாள். புதன்கிழமைப் படுக்கைக்கும் திங்கட்கிழமை நடைக்கும் சம்பந்தம் இருப்பது வீட்டில் யாருக்கும் தோன்றாது. பல சமயம் நோயாளிக்கே தோன்றாது.

இது வெறும் நினைப்பு அல்ல என்பதற்குப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒருவரைச் சைக்கிள் போன்ற யந்திரத்தில் உட்கார்த்தி மிதிக்கச் சொல்லி, அவர் எவ்வளவு பிராணவாயுவை உபயோகிக்கிறார் என்று அளக்கிறார்கள். மறுநாள் அதே சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். ஆரோக்கியமானவருக்கும், வெறுமனே உடற்பயிற்சி இல்லாமல் உடல் தளர்ந்தவருக்கும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே கணக்கு வருகிறது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கோ, இரண்டாம் நாள் சக்தி இறங்கிவிடுகிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் மற்றொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கொரோனாவுக்குப் பின் இத்தகைய சரிவுக்கு ஆளான 25 பேரையும், ஆரோக்கியமான 21 பேரையும் சைக்கிள் யந்திரத்தை மிதிக்கச் செய்து, முன்னும் பின்னும் அவர்களுடைய தசையில் கடுகளவு எடுத்துச் சோதித்தார்கள். நோயுற்றவர்களின் தசையில் சேதம் மிகுந்திருந்ததும், சக்தியை உண்டாக்கும் வேலை குன்றியிருந்ததும் கண்ணுக்குப் புலப்பட்டன. நமக்குத் தேகப்பயிற்சி செய்தால் தசை வலுக்கிறது. அவர்களுக்கு அதே பயிற்சி தசையை நலிக்கிறது. இதில் சோம்பலுக்கும் மனோதிடத்துக்கும் என்ன வேலை?

ஏணிப்படி வைத்தியம்

இவ்வளவும் தெரிவதற்கு முன்னால், இங்கிலாந்தில் வேறொரு சித்தாந்தம் ஆட்சி செலுத்திவந்தது. "முதலில் ஏதோ ஒரு நோய் வந்திருக்கலாம், அது போய்விட்டது. இப்போது இருப்பது, படுத்தே கிடந்ததனால் உண்டான தளர்ச்சியும், நடந்தால் என்ன ஆகுமோ என்ற பயமுந்தான்" என்பது அந்தச் சித்தாந்தம். அதற்கேற்றபடி சிகிச்சையும் வகுத்தார்கள். நோயாளி இன்று நடக்கக்கூடிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டியது. பிறகு ஏணியில் படி ஏறுவதுபோல், திட்டம் போட்டபடி, வாரத்துக்கு வாரம் அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியது. நடுவில் உடம்பு முணுமுணுத்தால் அதைப் பொருட்படுத்தக் கூடாது!

2007-இல் அந்நாட்டுச் சர்க்காரின் வைத்திய ஆலோசனை ஸ்தாபனமான 'நைஸ்', இலேசாகவும் நடுத்தரமாகவும் நோயுற்றவர்களுக்கு இந்த ஏணிப்படிச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. இதைச் சோதித்துப் பார்ப்பதற்காக, 641 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, 'பேஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய பரிசோதனையும் நடந்தது. அதன் முடிவு 2011-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளிவந்தபோது, "தேகப்பயிற்சியினால் இந்த நோய் தணிகிறது" என்று செய்தி எங்கும் பரவியது.

ஆனால் நோயாளிகள் விடவில்லை. படுத்த படுக்கையில் இருந்துகொண்டே கணக்குகளைப் புரட்டினார்கள். ஏணிப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் ஆரம்பத்தில் ஆறு நிமிஷத்தில் சராசரி 312 மீட்டர் நடந்தார்கள். ஒரு வருஷம் கழித்து 379 மீட்டர் நடந்தார்கள். ஆக, ஒரு வருஷ உழைப்பின் லாபம் 67 மீட்டர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடப்பவர் அதே ஆறு நிமிஷத்தில் 500 மீட்டர் போய்விடுவார் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட வேடிக்கையான விஷயமும் உண்டு. வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் எனக்கு அதுதான் மிகவும் ஆச்சரியம் அளித்தது. உடல் திறத்தை அளக்க நூறு மார்க் கொண்ட ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார்கள். 65 மார்க்கோ அதற்குக் கீழோ வாங்கினால், பரிசோதனையில் சேரும் அளவுக்கு நோய் உள்ளவர் என்று பொருள். 'குணமடைந்தவர்' என்று சொல்ல வேண்டுமானால் 85 மார்க்காவது வாங்க வேண்டும் என்று முதலில் திட்டமிட்டிருந்தார்கள். பிற்பாடு அதை மாற்றி, 60 இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அதாவது, 65 மார்க்குடன் நோயாளியாகச் சேர்ந்த ஒருவர், இன்னும் நலிவடைந்து 60 மார்க் வாங்கினாலும், இந்த ஓர் அளவில் 'தேறியவர்' ஆகிவிடுவார்! எந்தப் பள்ளிக்கூடத்திலாவது இப்படிப் பரீட்சை நடத்தினால் பையன்களின் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு நோயாளி, பரிசோதனையின் மூலக் கணக்குகளை வெளியிட வேண்டுமென்று கேட்டு விடாமல் போராடினார். 2016-இல் இங்கிலாந்தின் நியாய மன்றம் ஒன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கணக்குகள் வெளிவந்தன. பழைய திட்டத்தின் அளவுகளைக் கொண்டே மற்ற ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் கணக்கிட்டபோது, குணமடைந்தவர்களின் எண்ணிக்கை மிகவும் சுருங்கிப்போயிற்று. அமெரிக்கச் சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையம் 2017-இல் இந்தச் சிகிச்சையைத் தன் சிபாரிசிலிருந்து நீக்கிவிட்டது. இங்கிலாந்தில் 'நைஸ்' ஸ்தாபனம் 2021 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிடுவதாக இருந்தது. வைத்தியர் சங்கங்கள் சில ஆட்சேபித்ததால் கடைசி நேரத்தில் நிறுத்தி வைத்தது. பிறகு, அதே வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி வெளியிட்டே விட்டது. திட்டமிட்ட படிகளில் ஏற்றும் தேகப்பயிற்சியை இந்த நோயாளிகளுக்கு அளிக்கலாகாது என்பதே அதன் தீர்மானம்.

நடையை எப்படிக் கூட்டுவது?

"அப்படியானால் படுத்தே கிடக்க வேண்டியதுதானா?" என்று கேட்கலாம். புதிய விதிகள் அப்படிச் சொல்லவில்லை. நோயாளி தாமாக விரும்பினால், தம் உடம்பு அதற்குத் தயார் என்று தாமே உணர்ந்தால், இந்த நோயை அறிந்த நிபுணரின் மேற்பார்வையில் தமக்கென்று ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளலாம். அந்தத் திட்டத்தின் முதல் படிதான் விசேஷமானது. அது கூட்டல் அல்ல, கழித்தல்!

சிகாகோ நகரத்துப் பேராசிரியர் லியோனார்ட் ஜேஸன் என்பவர், ஒவ்வொரு நோயாளிக்கும் 'சக்தி வரம்பு' ஒன்று உண்டு என்று விளக்கியிருக்கிறார். சம்பளக்காரர் வீட்டு வரவு செலவுக் கணக்கை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வரவுக்குள் செலவழிப்பவர் மாதக் கடைசியிலும் நிம்மதியாக இருப்பார். கடன் வாங்கிச் செலவழித்தால் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். இந்த நோயில் வட்டி விகிதமோ, காபூலிக்காரனுடைய வட்டியையும் தோற்கடிக்கும்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். நல்ல நாளில் பத்து நிமிஷமும், கெட்ட நாளில் நான்கு நிமிஷமும் நடக்கக்கூடிய ஒரு பெண்மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எத்தனை நிமிஷத்தில் ஆரம்பிக்க வேண்டும்? பத்திலும் அல்ல, நான்கிலும் அல்ல. மூன்றில்தான். நல்ல நாளிலும் மூன்றுதான், சுமாரான நாளிலும் மூன்றுதான். அதிலும் போவதற்கு ஒன்றரை நிமிஷம், திரும்புவதற்கு ஒன்றரை நிமிஷம். தெருக்கோடி வரையில் உற்சாகமாகப் போய்விட்டுத் திரும்பி வர வழியில்லாமல் நிற்பது பலருக்கு நேர்வது. ஆகையால் களைப்புத் தட்டுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். சமதரையாக இருப்பது நல்லது. நடைக்கு முன்னும் பின்னும் படுத்து ஓய்வெடுப்பது நல்லது. வழியில் உட்கார ஒரு திண்ணை இருந்தால் மிகவும் நல்லது.

இப்படி இரண்டு மூன்று வாரம் சரிவே இல்லாமல் கழிந்தால், அரை நிமிஷம் கூட்டிப் பார்க்கலாம். கூட்டிய பின் மூன்று நாள் உடம்பைக் கவனிக்க வேண்டும். சரிவின் அடையாளம் தென்பட்டால் உடனே பழைய அளவுக்கோ, அதற்கும் கீழோ இறங்கிவிட வேண்டும். ஒரே சமயத்தில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. இந்த மூன்றும் அரையும் எல்லோருக்கும் பொருந்தும் எண்கள் அல்ல. ஒருவருக்கு வாசல் வரையில் போவதே அளவாக இருக்கும். மற்றொருவருக்கு இரண்டு தெரு அளவாக இருக்கும். முறைதான் பொது, அளவு அவரவருடையது.

வகுப்பில் நாங்கள் செய்வதும் இதுதான் அல்லவா? பஞ்சாங்கத்தில் தேதி பிறந்துவிட்டது என்பதற்காகப் பின்னக் கணக்குக்குத் தாவுவதில்லை. வகுத்தல் படிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தாவுகிறோம். படியவில்லையானால் பெருக்கலுக்கே திரும்பிப் போகிறோம். ஏணிப்படி வைத்தியம் தேதியைப் பார்த்தது. இந்த முறை உடம்பைப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. உடம்பு தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. குளிப்பதும், மாடிப்படி ஏறுவதும், சமைப்பதும், விருந்தாளியுடன் ஒரு மணி நேரம் பேசுவதும், கவலைப்படுவதுங்கூட நடையுடன் ஒரே பேரேட்டில்தான் பற்று எழுதப்படுகின்றன. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் நடையை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஜலதோஷம் பிடித்தாலும், வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நாடியை வழிகாட்டியாகக் கொள்ளுவோரும் உண்டு. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எண்ணிய நாடித் துடிப்புடன் 15-ஐக் கூட்டி, நடக்கும்போது அந்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். படுக்கையில் 70 என்றால் நடையில் 85. தாண்டினால் நின்றுவிட வேண்டும். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவிகள் இந்தக் கணக்கை இப்போது எளிதாக்கிவிட்டன. ஆனால் நாடியை மட்டுப்படுத்தும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. நின்றாலே தலை சுற்றுகிறவர்கள் முதலில் அதற்கு வைத்தியரிடம் பரிகாரம் தேட வேண்டும். அது தணிந்தாலே நடை சற்று எளிதாகும். ரத்த சோகை, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு, க்ஷயம் முதலிய மற்ற நோய்களாலும் அசதி வரும். அவை இல்லையென்று சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பெயரைத் தாமாகவே சூட்டிக்கொள்வதும் தவறு.

எல்லாவற்றையும்விட உதவியானது ஒரு நோட்டுப் புத்தகந்தான். இன்று எத்தனை நிமிஷம் நடந்தது, வேறு என்ன வேலை செய்தது, நாளையும் மறுநாளும் உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். மாதம் ஒன்று ஆவதற்குள் திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் உள்ள ரகசியச் சம்பந்தம் அதில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

வரம்புக்குள் ஒரு வாழ்க்கை

இப்படி அளந்து நடந்தால் நோய் குணமாகிவிடுமா? ஆகிவிடும் என்று சொல்வது பொய்யாகும். நோயை வேருடன் களையும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. சிலருக்கு மூன்று நிமிஷம் ஒரு வருஷத்தில் இருபது நிமிஷம் ஆகலாம். சிலருக்கு மூன்று மூன்றாகவே நிற்கும். இருட்டறையில் படுத்த படுக்கையாய், பேச்சுக் குரலையும் தாங்க முடியாமல் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நடையைப் பற்றிப் பேசுவதே கொடுமை. ஆனால் அளந்து நடப்பவருக்கு ஒரு லாபம் நிச்சயம் உண்டு. விழுவதும் எழுவதுமாகக் கழியும் நாட்கள் குறைந்து, நாளைக்கு இன்னது செய்யலாம் என்று நம்பிச் சொல்லக்கூடிய நாட்கள் அதிகமாகின்றன.

லாரா ஹில்லன்பிராண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிச் சில வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1987-இல் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணாக அவர் இந்த நோய்க்கு ஆளானார். படிப்பு நின்றது. வெகு காலம் வீட்டை விட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. அந்த நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அவர் 2001-இல் வெளியிட்ட புத்தகம் லட்சக் கணக்கில் விற்றது. எதைப் பற்றிய புத்தகம் தெரியுமா? 'ஸீபிஸ்கட்' என்ற பந்தயக் குதிரையைப் பற்றியது! தெருவில் நடக்க இயலாதவர், காற்றாய்ப் பறந்த ஒரு குதிரையின் கதையை உலகத்துக்குச் சொன்னார்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்த நோயில் நோயாளியின் மனவுறுதி குறைவாயிருப்பதில்லை, மிகுந்திருப்பதே அபாயம். நல்ல நாள் ஒன்று வந்தால், பாக்கி வேலையெல்லாம் இன்றே முடித்துவிட வேண்டும் என்று அவர்களே கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில், "கொஞ்சம் உட்காரேன்" என்று தடுப்பதுதான் வீட்டாருடைய கடமை. நாமோ பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறோம். "நேற்று மூன்று நிமிஷம், இன்றும் மூன்று நிமிஷமா?" என்கிறோம். "எதிர்வீட்டுத் தாத்தா எண்பது வயதில் நடக்கிறாரே!" என்கிறோம். இந்தச் சொற்களைக் கேட்டு, ரோஷத்தினால் நான்காவது நிமிஷமும் நடந்து, ஒரு மாதம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்டு.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று மற்றொரு பழமொழியும் நம்மிடம் இருக்கிறது. இந்த நோய் உள்ள வீட்டில் அம்மிப் பழமொழியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இதைக் கூடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அளக்கும் வேலை நோயாளியுடையது. அந்த அளவை மதிப்பது நம்முடைய வேலை. ஆகவே, இனிமேல் அவர்களிடம், "இன்று எவ்வளவு நடந்தாய்?" என்று கேட்க வேண்டாம். "முந்தாநாள் நடந்தாயே, அதற்கு இன்று உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.